ஆக்டேவியா வி.ஆர்.எஸ். காருக்கு பிரேக் டிஸ்க்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. 2017 ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நூறில் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. சர்வீஸ் சென்டரில் நான்கு டிஸ்க்கையும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) அதைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளையும் மாற்றச் சொல்லி லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர் ஓட்டை போட்ட ஸ்போர்ட்ஸ் டிஸ்க் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறேன் என்கிறார், உங்கள் நண்பரோ லேத்தில் கடைந்துவிட்டால் போதும் என்கிறார். சென்னையில் டிஸ்க் மலிவாக எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் செலவைக் குறைத்தால் கார் சரியாக நிற்குமா என்ற பயம்தான் கேள்விக்குள் இருக்கிறது என்று தோன்றுகிறது. நிற்கும். அந்த எஸ்டிமேட்டில் பெரும் பகுதியைக் குறைக்க முடியும், ஆனால் கடைக்காரரும் நண்பரும் சொல்லும் வழிகளில் அல்ல.

பிரேக் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் டிஸ்க் சோதனைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது சில கராஜ்களுக்கு பிரேக் சம்பந்தமாக யோசனை சொல்கிறேன். எந்தக் கடையோடும் எனக்கு வியாபாரத் தொடர்பு கிடையாது. உங்கள் காரை நான் பார்க்கவில்லை, அதனால் உதறலுக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. எதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் விளிம்பிலோ, நடுவில் எழும்பி நிற்கும் பாகத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தக் குடும்பத்துக் கார்களில் முன்பக்கம் 312 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன் உள்ள டிஸ்க் வரும், அல்லது 340 மி.மீ. விட்டம், 30 மி.மீ. தடிமன் உள்ளது வரும். முதலாவதற்குக் குறைந்தபட்சம் 22, இரண்டாவதற்கு 27. எஸ்டிமேட்டில் இப்போதைய தடிமன் எத்தனை என்று எழுதியிருக்கிறார்களா? எழுதவில்லை என்றால் அளக்காமலே கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம், கேட்டு வாங்குங்கள். அளப்பது மைக்ரோமீட்டரில் இருக்கட்டும். சாதாரண வெர்னியரை வெளியிலிருந்து அப்படியே வைத்தால், விளிம்பில் பேட் தொடாமல் நிற்கும் வரப்பு தடிமனைக் கூட்டிக் காட்டிவிடும். பின்பக்க டிஸ்க்குகள் முன்பக்கம் அளவுக்கு உழைப்பதில்லை, அறுபதாயிரத்தில் நான்கும் ஒரே நேரத்தில் முடிந்துபோவது அபூர்வம். அளந்து பார்த்தபின் பின் ஜோடி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே எஸ்டிமேட்டில் கணிசமான தொகை குறைந்துவிடும். ஒரே அச்சில் இடமும் வலமும் மட்டும் எப்போதும் சேர்ந்தே மாற வேண்டும், அதில் பேரம் கிடையாது.

சரி, உதறலுக்கு வருவோம். டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் எல்லா மெக்கானிக்கும் சொல்வார்கள். நான் சோதனை மேடையில் பார்த்தவரை உண்மையிலேயே வளைந்த டிஸ்க் மிகக் குறைவு. பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தில், நூலளவு கோணலாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை லேசாக உரசும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துபோகும். அல்லது நன்றாகச் சூடான டிஸ்க்கை ஒரே இடத்தில் பேடு கவ்விப் பிடித்திருந்ததால் பேடின் பொருள் அங்கே திட்டாக ஒட்டியிருக்கும். இரண்டிலும் விளைவு ஒன்றுதான், டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது. 0.01 முதல் 0.015 மி.மீ. வேறுபாடு இருந்தாலே ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். நூறில் போகும்போது உங்கள் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய பதினான்கு முறை சுற்றுகிறது. ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் தாமாகவே அதிர விரும்பும் வேகம் அதற்கு அருகில் இருப்பதால்தான் அறுபதில் தெரியாத உதறல் நூறில் கையைப் பிடித்து ஆட்டுகிறது.

இதில் நம்ம ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து ஹப்பின் முகத்தில் துரு ஏறும், அதிலும் பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் வெளியில் நிற்கும் கார்களில் கேட்கவே வேண்டாம். அந்தத் துருவைச் சுத்தமாக எடுக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால், ஹப்பில் 0.05 மி.மீ. மேடு இருந்தால்கூட டிஸ்க்கின் வெளி விளிம்பில் அது இரண்டு மடங்குக்கு மேல் பெருகித் தெரியும். விலை உயர்ந்த டிஸ்க் போட்டும் ஐந்தாயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பி வந்துவிட்டது என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு டிஸ்க்கில் குறையே இருப்பதில்லை, ஹப்பை யாரும் தேய்க்கவில்லை என்பதுதான் குறை. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் டயல் கேஜ் வைத்திருக்கும் ஒரு கராஜில் ரன்-அவுட், அதாவது சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் காரில் டிஸ்க் ஹப்போடு ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூவில்தான் நிற்கும். ஆகவே வீல் போல்ட்டுகளை வாஷர் போட்டு இறுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. 0.1 மி.மீ. தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைச் சுத்தம் செய்து, மறுபடி மாட்டி அளக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் உதறல் பெரிதாகத் தெரியும் என்பதால் அதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

லேத்தில் கடைவதைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது முழுக்கத் தப்பில்லை. தடிமன் தாராளமாக மீதி இருந்து, கடைந்த பிறகும் குறைந்தபட்சத்துக்கு மேலேயே நின்றால் அது நியாயமான வேலைதான். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் நன்றாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் காருக்கு நான் தயங்குவதற்கு இரண்டு காரணம். டிஸ்க் மிகவும் சூடாகி, திட்டு படிந்த இடத்தில் வார்ப்பிரும்பின் உள்கட்டமைப்பே மாறிக் கெட்டியான புள்ளிகள் உருவாகியிருந்தால், மேலே சீவினாலும் அடியில் அது இருக்கும். கொஞ்ச நாளில் அந்த இடம் மட்டும் தேயாமல் மேடாகி உதறல் திரும்பிவிடும். இரண்டாவது காரணம் வெப்பம். 30 மி.மீ. டிஸ்க் 27-க்கு வந்தால் பத்து சதவீதம்தானே போனது என்று தோன்றும், ஆனால் நடுவில் காற்றோட்டத்துக்கு விட்ட வெற்றிடம் அப்படியே இருக்கிறது, தேய்வது இரண்டு பக்கத்து இரும்புச் சுவர்கள் மட்டும். சுவர்கள் இரண்டும் சேர்ந்து 17 மி.மீ. போல இருக்கும் என்று வைத்தால், அதில் 3 போவது ஆறில் ஒரு பங்கு போவதற்குச் சமம். வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்பு அவ்வளவு குறைந்துவிடுகிறது. ஊருக்குள் ஓடும் சாதாரணக் காருக்கு இது பொருட்டில்லை. 230 குதிரைத் திறன் காரை நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஒன்றரை டன் எடையுள்ள காரை நூறிலிருந்து நிறுத்தினால் ஏறக்குறைய 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதையே நூற்று அறுபதிலிருந்து நிறுத்தினால் 1,480. வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டினால் வெப்பம் இரண்டரை மடங்கு. இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன் டிஸ்க் இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. நூறிலிருந்து ஒருமுறை நிறுத்துவதில் முன் டிஸ்க்கின் சூடு ஐம்பது, அறுபது டிகிரிதான் ஏறும், அதை எந்த ஒழுங்கான டிஸ்க்கும் தாங்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அழுத்தி மிதிக்கும்போது அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், சூடு ஏறிக்கொண்டே போகும். டிஸ்க்குக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

அந்த ஓட்டை போட்ட டிஸ்க்கை வாங்காதீர்கள். பெயர் தெரியாத டிஸ்க்குகளில் ஓட்டைகள் வெறும் டிரில் போட்டவை. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது ஓட்டைகளின் ஓரத்திலிருந்து வெடிப்பு கிளம்பும், ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு ஓடும். ஓட்டை போட்டதால் இரும்பும் குறைகிறது. நல்ல நிறுவனங்கள் ஓட்டையுள்ள டிஸ்க் செய்வதுண்டு, அவர்கள் ஓட்டையின் ஓரத்தை மழித்து, இடத்தைக் கணக்குப் பார்த்துப் போடுவார்கள், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். தெருவில் ஓட்டும் காருக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை. தோற்றத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் கோடு வெட்டிய டிஸ்க் போடுங்கள். அதில் பேடு கொஞ்சம் வேகமாகத் தேயும், சத்தம் கொஞ்சம் வரும், வேறு ஆபத்து இல்லை. என்னைக் கேட்டால் வழவழப்பான சாதாரண டிஸ்க்தான் உங்களுக்குச் சரி, கிடைத்தால் கார்பன் அளவு கூடிய வார்ப்பிரும்பில் செய்தது. அது அதிர்வையும் சத்தத்தையும் உள்வாங்கும், சூட்டில் வடிவம் மாறாமல் நிற்கும். துருத் தடுப்புப் பூச்சு உள்ளதாக இருந்தால் நம்ம ஊருக்கு இன்னும் நல்லது. பேடு உரசும் இடத்தில் பூச்சு முதல் நாளே போய்விடும், நடுப்பாகத்திலும் காற்றோட்டச் சந்துகளிலும் வருடக்கணக்கில் நிற்கும்.

இனி வாங்குவது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பாக எண்ணில் நடுவில் 615 301 என்று இருந்தால் முன் டிஸ்க், 615 601 என்று இருந்தால் பின் டிஸ்க். அதற்கு முன்னால் இருக்கும் மூன்று எழுத்து எந்தக் கார் குடும்பம் என்று சொல்லும், கடைசியில் வரும் எழுத்து அளவையும் வகையையும் பிரிக்கும். கடைசி எழுத்து மாறினால் வேறு டிஸ்க், ஆகவே மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கவே கூடாது. சேஸி நம்பரைக் கொடுத்து எண்ணை முழுசாக எழுதி வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஆக்டேவியா, சூப்பர்ப், பஸாட், ஆடி ஏ3 எல்லாம் ஒரே அடித்தளத்தில் வந்த கார்கள், பல பாகங்கள் பொது. உங்கள் காரில் 312 அளவு இருந்தால் தேடுவது சுலபம், நம் நாட்டில் அதிகம் விற்ற மாடல்களோடு அளவு ஒத்துப்போகும். 340 என்றால் கொஞ்சம் அலைய வேண்டும். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் ரானே என்று சென்னையைச் சுற்றியே இவ்வளவு பிரேக் செய்தாலும், நாட்டில் குறைந்த எண்ணிக்கையில் விற்ற காருக்கான டிஸ்க்கை இங்கே எந்தக் கடைக்காரரும் வாங்கி அடுக்கி வைக்க மாட்டார்.

முதலில் ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் இரண்டு டீலர்களின் பார்ட்ஸ் கவுண்டரிலும் அதே எண்ணுக்கு விலை கேளுங்கள், மாட்டும் கூலி சேர்க்காமல் பாகத்துக்கு மட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், உங்கள் எஸ்டிமேட் அதற்கு முந்தையது என்றால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கார் நிறுவனங்களுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பவை: ஏ.டி.ஈ., டி.ஆர்.டபிள்யூ., பிரெம்போ, பாஷ், டெக்ஸ்டார். கார் நிறுவனத்தின் லோகோ இல்லாததால் விலை குறைவு, தரத்தில் நான் பயப்பட மாட்டேன். செலவைக் குறைக்க நான் சொல்லும் முக்கிய வழி இதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஐரோப்பியக் கார் பாகங்களை மட்டும் விற்கும் கடைகளில் பாக எண்ணைக் காட்டிக் கேட்டால் ஓரிரு நாளில் வரவழைத்துத் தருவார்கள். பூட்மோ போன்ற ஆன்லைன் தளங்களிலும் அதே எண்ணைப் போட்டுத் தேடலாம், ஆனால் விற்பவர் யார், பில் தருவாரா, திருப்பி எடுப்பாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜெர்மனியிலிருந்து நேராக வரவழைக்கலாமே என்று தோன்றும், அங்கே விலை கண்ணைப் பறிக்கும். பெரிய அளவு முன் டிஸ்க் ஒரு ஜோடியே இருபது கிலோவை ஒட்டி வரும். வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், கப்பல் அல்லது விமானக் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த தொகைக்குத்தான் போடுவார்கள், இறக்குமதி வரிக்கு மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. தனி ஆளாக வரவழைத்தால் பெரும்பாலும் மிச்சமாகாது. இதே கார் வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒழுங்காக பில் போடும் இறக்குமதியாளர் மூலம் மொத்தமாக எடுத்தால் கட்டுப்படியாகும்.

புதுப்பேட்டையைப் பற்றிச் சிலர் சொல்லியிருப்பார்கள். கதவு, லைட், சீட், ஏன் பேடுகளை அழுத்தும் காலிப்பர்கூட அங்கே பார்த்து வாங்கலாம். டிஸ்க் மட்டும் வேண்டாம். எவ்வளவு சூடு கண்டது, விபத்தில் அடிபட்ட சக்கரத்தில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, நுண்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

பெட்டி நல்ல பெயராக இருந்தாலும் உள்ளே இருப்பது போலியாக இருக்கலாம். டிஸ்க்கைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், காற்றோட்டச் சந்துக்கு இரண்டு பக்கமும் உள்ள சுவர்கள் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் கரு நகர்ந்திருந்தால் ஒரு சுவர் தடித்தும் மற்றது மெலிந்தும் வந்துவிடும், அப்படிப்பட்ட டிஸ்க் சூட்டில் ஒரு பக்கமாகச் சாயும். நான் சோதனைப் பிரிவில் இருந்தபோது முதலில் பார்த்தது இதைத்தான், கண்ணாலேயே தெரியும். விளிம்பில் பேலன்ஸ் செய்ததற்கான வெட்டு, தெளிவாகப் பொறித்த குறைந்தபட்சத் தடிமன், பாக எண் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும் போட்டு, பக்கத்தில் 90ஆர் என்று இருந்தால் அது ஐரோப்பிய ஒழுங்குமுறை 90-ன் ஒப்புதல் முத்திரை. 2016 நவம்பருக்குப் பிறகு ஒப்புதல் பெற்ற புது மாடல்களின் மாற்று டிஸ்க்குகளுக்குத்தான் அது அங்கே கட்டாயம். உங்கள் மாடல் அதற்கு முன்பே வந்தது, எனவே முத்திரை இல்லாததை வைத்து மட்டும் போலி என்று ஒதுக்க வேண்டாம். இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

டிஸ்க்கில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை பேடிலும் பிரேக் ஆயிலிலும் போடுங்கள். பழைய பேடைப் புது டிஸ்க்கோடு சேர்த்து மாட்டாதீர்கள், அதில் பதிந்திருக்கும் பள்ளம் மேடு புது டிஸ்க்கைக் கெடுத்துவிடும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155-க்கு வந்துவிடலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டிராக்கில் பெடல் தரைக்குப் போய்விட்டது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இருக்காது, ஆயில்தான் கொதித்திருக்கும். டிராக்குக்கு அடிக்கடி போகிறீர்கள் என்றால் ஃபெரோடோ டி.எஸ்.2500 போன்ற சூடு தாங்கும் பேடைப் பாருங்கள், வெறும் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். ஓட்டத்துக்குக் கம்பெனி வகைப் பேடே போதும். சூடு தாங்கும் பேடு தூசியும் கீச்சொலியும் கொடுக்கும், தினசரி ஓட்டத்தில் எரிச்சலாக இருக்கும்.

மாட்டும் வேலையை நல்ல தனி கராஜில் கொடுக்கலாம், இதற்கு சர்வீஸ் சென்டர்தான் வேண்டும் என்பதில்லை. ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காலிப்பர் பின்களுக்கு அதற்கான கிரீஸ் போட வேண்டும். பின்பக்கமும் மாற்றுவதாக இருந்து உங்கள் காரில் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், ஸ்கேனர் போட்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மோட்டார் உடையும். வீல் போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியில் கண்டபடி இறுக்க விடாதீர்கள், டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக. ஒரு போல்ட் அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இறுகினால் டிஸ்க் திரும்பவும் கோணலாக உட்கார்ந்துவிடும்.

மாட்டியதும் புது டிஸ்க்கையும் பேடையும் பழக்க வேண்டும், இதைச் செய்பவர்கள் குறைவு. விடியற்காலையில் வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி பின்னால் யாரும் வராத நீளமான சாலைக்குப் போய், எண்பதிலிருந்து முப்பதுக்கு நடுத்தர அழுத்தத்தில் வேகத்தைக் குறையுங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஆற விட்டு மறுபடியும், இப்படி எட்டுப் பத்து முறை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்து நின்றால், இப்போது உங்கள் காரில் இருக்கலாம் என்று நான் சொன்ன அதே திட்டு புது டிஸ்க்கிலும் படியும். மழைக்காலத்தில் வேளச்சேரி மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்துக்குள் போகும் முன்பும் பிரேக் சூடாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடிமனும் ரன்-அவுட்டும் அளந்ததும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எண்களை இங்கே எழுதுங்கள், டிஸ்க்கில் பொறித்திருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்துப் போட முடிந்தால் இன்னும் நல்லது. கடைவதா மாற்றுவதா, முன்பக்கம் மட்டும் போதுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதுவரை எண்பதைத் தாண்டாமல் ஓட்டுங்கள், எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள்.